இளவரசருக்கு இனிஷியல் என்ன?

லண்டனில் என் அலுவலகத்தில் எல்லோரும் என்னை சுப்பையா என்றுதான் கூப்பிடுவார்கள். சுப்பையா என் அப்பா. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மொத்தமே நாலைந்து பேர்தான் இருந்திருப்பார்கள், அவர்களும் அவருக்கு மூத்தவர்கள். மற்றவர்களுக்கு அவர் வாத்தியார். இங்கே என்னைவிட எட்டு வயது சின்னவரான என் மேனேஜர் "குட் மார்னிங் சுப்பையா" என்று சொல்லும்போதெல்லாம், அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று முறைப்பது போலவே இருக்கும். எல்லாம் பாஸ்போர்ட் செய்த வேலை. எஸ் என்று ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் அடக்கமாக நின்றிருந்தவரை இழுத்து, விரித்து, சர்நேம் என்கிற கட்டத்தில் உட்கார வைத்துவிட்டது.

இதில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று முழுசாகப் புரிந்தது 2013 ஆகஸ்டில், என் மகளுக்குப் பிறப்புப் பதிவு செய்யப் போனபோது. அதே மாதம் இதே ஊரில் இன்னொரு தகப்பனும் தன் பிள்ளையின் பிறப்பைப் பதிந்தார். அவர் பெயர் வில்லியம், இந்த நாட்டு இளவரசர். பிள்ளை ஜார்ஜ்.

அந்த ஜூலையில் லண்டனில் நல்ல வெயில். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் பார்க்க அத்தை திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் தொலைக்காட்சியில் என்ன நடக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நடந்ததும் ஒன்றுமில்லை. வில்லியமின் மனைவி கேட் பிள்ளை பெறப்போகும் பாடிங்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் லிண்டோ விங் வாசலைக் காட்டுவார்கள். மூடிய கதவு. எதிரே அலுமினிய ஏணிகளில் ஏறி நிற்கும் புகைப்படக்காரர்கள். வாரக்கணக்காக அந்தக் கதவைத்தான் காட்டினார்கள். அத்தை அதற்கு முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.

"உள்ள கூட யாரு இருக்கா மாப்பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டார்.

புருஷன்தான் என்றேன். "ஆம்பளையா? உள்ளயேவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இதற்கே இப்படி என்றால், பழைய கதையைச் சொன்னால் என்ன ஆவார் என்று ஆசையாக இருந்தது. சொன்னேன்.

1688 ஜூன் 10ஆம் தேதி, இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் ஆண் குழந்தை பிறந்தது. மன்னர் கத்தோலிக்கர், நாட்டில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட். வாரிசும் கத்தோலிக்கனாக வந்துவிட்டான் என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. உடனே ஒரு வதந்தி கிளம்பியது: ராணிக்குக் குழந்தையே பிறக்கவில்லை, படுக்கையைச் சூடாக்கும் கரிச்சட்டிக்குள் வைத்து யாரோ பெற்ற பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று. பிரசவ அறையில் அன்று கூட்டம் நெரிந்தது. அத்தனை பேர் பார்த்தும் வதந்தி அடங்கவில்லை. கடைசியில் மன்னர், "ஆமாம், நான் பார்த்தேன்" என்று அவர்களைச் சாட்சி சொல்ல வைத்து அதை அச்சிட்டார். அதுவும் உதவவில்லை. டிசம்பரில் அவர் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. மகள் மேரியும் மருமகன் வில்லியமும் ஆட்சிக்கு வந்தார்கள். வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் கரிச்சட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

அரச வீட்டில் பிரசவம் என்றால் அமைச்சர் ஒருவர் வந்து சாட்சியாக இருக்கும் பழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1926 ஏப்ரல் 21 அன்று லண்டன் புரூட்டன் தெருவில், பின்னால் ராணியான எலிசபெத் பிறந்தபோதுகூட உள்துறை அமைச்சர் ஜாயின்சன் ஹிக்ஸ் அந்த வீட்டில் இருந்தார். தங்கை மார்கரெட் பிறக்கும்போது நடந்தது இன்னும் வேடிக்கை. ஸ்காட்லாந்தில் கிளாமிஸ் கோட்டையில் பிரசவம். அப்போது உள்துறை அமைச்சர் ஜே. ஆர். கிளைன்ஸ், பத்து வயதில் பஞ்சாலை வேலைக்குப் போய் தொழிற்சங்கத்தில் வளர்ந்து மேலே வந்தவர். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வரச் சொல்லிவிட்டார்கள். மனிதர் பக்கத்துக் கோட்டை ஒன்றில் இரண்டு வாரத்துக்கும் மேலாகக் காத்துக் கிடந்தார். 1930 ஆகஸ்ட் 21 அன்றுதான் பிள்ளை பிறந்தது. நாட்டின் போலீசையும் சிறைகளையும் கவனிக்க வேண்டியவர், ஒரு பிரசவ வலிக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்கரெட் விஷயத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு தகவல் உண்டு. அந்த ஊர்ப் பதிவேட்டில் அடுத்து வரவேண்டிய எண் 13. அந்த எண் பிள்ளைக்கு வந்துவிடக்கூடாதென்று சில நாள் பொறுத்து, வேறு யாராவது வந்து அந்த வரிசையை நிரப்பிய பிறகுதான் பதிந்தார்கள். ராகுகாலம் பார்க்கிறோம் என்று நம்மைச் சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அத்தைக்கு இது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. "அந்த 13ஐ வாங்கின பிள்ளை யாரோ பாவம்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

1948இல் சார்லஸ் பிறப்பதற்குச் சற்று முன்பு, அமைச்சர் வந்து நிற்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 22 மாலை 4:24க்கு ஜார்ஜ் பிறந்தான். செய்தி வெளியே வந்தது இரவு எட்டரை மணிக்கு. நாலு மணி நேரம் ஏன் மறைத்தார்கள் என்று விவாதம் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை, "ஜாதகம் எழுதியிருப்பாங்க" என்று தீர்ப்பு சொன்னார். எடை 8 பவுண்டு 6 அவுன்ஸ் என்றார்கள். கணக்குப் போட்டு 3.8 கிலோ என்றேன். "சுகப்பிரசவமா?" என்று மகளைக் கவலையோடு பார்த்தார். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு தங்க நிறத் தாங்கியில் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிவிப்பை வைத்தார்கள். மின்னஞ்சலில் உலகத்துக்கே போய்விட்ட செய்திதான். ஆனாலும் அந்தத் துண்டுத் தாளைப் படம் பிடிக்க வேலி ஓரமாக ராத்திரி முழுக்கக் கூட்டம். மருத்துவமனை வாசலில் சிவப்பு அங்கி, இறகு வைத்த தொப்பி, கையில் மணியோடு ஒருவர் தண்டோரா போட்டார். அரண்மனை அனுப்பிய ஆள் என்று பல நாட்டுத் தொலைக்காட்சிகள் நம்பி ஒளிபரப்பின. அவர் எங்கள் பக்கம் ராம்ஃபோர்டின் தண்டோராக்காரர், தானாகவே கிளம்பி வந்தவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த முழு நிகழ்ச்சியிலும் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

பெயர் மட்டும் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் தலைக்கு ஒரு பவுண்டு போட்டு சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஆர்தர் விழுந்தது. தெருமுனைப் பந்தயக் கடைகளில் ஜார்ஜுக்கும் ஜேம்ஸுக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் இதே பேச்சு. அரசியலமைப்பு பற்றி வாயே திறக்காதவர்களுக்கும் குழந்தைப் பெயர் பற்றிக் கருத்து இருந்தது. முடியாட்சியே வேண்டாம் என்று சொல்லும் அயர்லாந்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவரும் ஒரு பவுண்டு போட்டார். அரச குடும்பத்தின் சொத்து, சட்டம், வரி எதுவும் நமக்குப் புரியப் போவதில்லை. பெயர் வைப்பது அப்படியில்லை, அதில் எல்லோரும் கரைகண்டவர்கள். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் "என்ன பேரு?" என்று கேட்டுவிட்டு, சொன்னதும் முகத்தைச் சுளிக்கிறோமே, அதே உரிமைதான் இது.

இரண்டு நாள் கழித்துப் பெயர் வந்தது: ஜார்ஜ் அலெக்சாண்டர் லூயிஸ். உண்மையில் இது அவசரம். சார்லஸ் பிறந்தது 1948 நவம்பர் 14, பெயர் வெளியே தெரிந்தது டிசம்பர் 15இல் ஞானஸ்நானத்தின்போது. வில்லியமுக்கே ஒரு வாரம் ஆனது.

பெயர்க் கூடை ரொம்பச் சின்னது. ஜார்ஜ் என்று ஏற்கெனவே ஆறு மன்னர்கள் இருந்தாயிற்று. பின்னால் வந்த தங்கைக்கு சார்லட் எலிசபெத் டயானா என்று வைத்தார்கள். சார்லஸின் பெண்பால் சார்லட். அதாவது தாத்தா, பூட்டி, பாட்டி, மூன்று பேருமே அதில் வந்தாயிற்று. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தா பெயரைத் தாங்குபவன். ஆகவே நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. தம்பிக்கு லூயிஸ். அது நமக்குத் தெரிந்த ஆளின் பெயர், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் லூயிஸ் மவுண்ட்பேட்டன். அந்த மவுண்ட்பேட்டனை அப்புறம் திரும்பக் கூப்பிடுகிறேன், அவருக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

பெயர் வைப்பதில் குடும்பச் சண்டை வருவதும் நமக்கு மட்டும் வாய்த்த வரம் இல்லை. 1819 மே மாதம் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஜார்ஜியானா சார்லட் அகஸ்டா அலெக்சாண்ட்ரினா விக்டோரியா என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள் பெற்றோர். பெரியப்பா அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசர் ஜார்ஜ். அவருக்கும் தம்பிக்கும் ஆகாது. ஜார்ஜியானா என்பது தன் பெயர், அலெக்சாண்ட்ரினா என்பது ஞானத்தந்தையான ரஷ்ய ஜார் அலெக்சாண்டரின் பெயர். தன் பெயர் ஜாரின் பெயருக்கு முன்னால் வருவதும் முறையில்லை, பின்னால் வருவதை அனுமதிக்கவும் முடியாது என்று சொல்லி முதல் பெயரை வெட்டினார். சார்லட்டும் அகஸ்டாவும் கூடாது என்றார். கென்சிங்டன் அரண்மனையில் பாதிரியார் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பெயர் இன்னும் முடிவாகவில்லை. அலெக்சாண்ட்ரினா என்று வையுங்கள் என்றார் பெரியப்பா. இன்னொன்று? அம்மா பெயரை வைத்துக்கொள்ளட்டும் என்றார். அம்மா பெயர் விக்டோரியா. அப்போது இங்கிலாந்தில் அது யாரும் கேள்விப்படாத அந்நியப் பெயர். மும்பை ரயில் நிலையத்துக்குக்கூட நாம் ஒரு காலத்தில் வைத்துக்கொண்ட பெயர், ஒரு மனிதர் எரிச்சலில் போட்ட மிச்சம்.

சரி, வீட்டுக்கு வருவோம். பெயரைச் சொன்னதும் அத்தை கேட்ட கேள்வி இதுதான்: "இனிஷியல் என்ன?"

இனிஷியல் கிடையாது என்றேன்.

"அப்ப அப்பா பேரு எங்க வரும்?"

வராது என்றேன். ராஜா வீட்டில் அதெல்லாம் தேவையில்லை என்றேன். "அப்பா பேரு இல்லாம எப்படி மாப்பிள்ளை? பள்ளிக்கூடத்துல எப்படிக் கூப்பிடுவாங்க, ரெண்டு ஜார்ஜ் இருந்தா?" என்றார். அவர் சொன்னபடியே ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவன் ஜார்ஜ் கேம்பிரிட்ஜ். அப்பாவின் பட்டம் கேம்பிரிட்ஜ் கோமகன் என்பதால். அப்பா பட்டத்து வாரிசாகி வேல்ஸ் இளவரசரான பிறகு ஜார்ஜ் வேல்ஸ். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தால் பிள்ளையின் சர்நேம் மாறும் என்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஜூலை கடைசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆகஸ்ட் 2 அன்று வில்லியம் கென்சிங்டன் அரண்மனையில் ஜார்ஜின் பிறப்பைப் பதிந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பதிவாளர் நேரே அங்கே போயிருந்தார். சான்றிதழின் படம் செய்தித்தாளில் வந்தது. ரயிலில் அதை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். தூங்காத கண்ணோடு, நானும் அடுத்து நிரப்பப் போகிற படிவம் என்பதால் இருக்கலாம். இங்கிலாந்தில் பிறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1இல். இப்போதுள்ள கட்டங்கள் இவை. எங்கே, எப்போது பிறந்தது. பெயர். ஆணா பெண்ணா. தகப்பன் பெயர், பிறந்த ஊர், தொழில். தாய்க்கும் அதே.

தகப்பன் தொழில்: ஐக்கிய ராஜ்யத்தின் இளவரசர். தாய் தொழில்: ஐக்கிய ராஜ்யத்தின் இளவரசி.

வீட்டில் காட்டினேன். அப்போது என் மனைவி வேலையை விட்டிருந்தாள். சென்னையில் ஆறு வருடம் கணக்காளராக இருந்தவள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக்கிட்டதே ஒரு உத்தியோகமா?" என்றாள். கேட் அதற்கு முன்பு ஜிக்சா என்ற துணிக்கடை நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர், அதை எழுதியிருக்கலாமே என்றேன். "என்னதுல நீங்க என்ன எழுதப் போறீங்க?" என்றாள். இங்கே தாயின் தொழிலைப் பிறப்புப் பதிவில் எழுதத் தொடங்கியதே 1984இல்தான். அதுவரை தாய்க்குத் தொழில் கட்டமே கிடையாது. கணக்காளர் என்றே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு கட்டத்தைத்தான் அன்று உருப்படியாக நிரப்பினேன்.

42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். மூன்றாவது வாரம் எனக்கு நேரம் கொடுத்தார்கள். கல்யாணமான தம்பதி என்றால் ஒருவர் போனால் போதும் என்பதால் தனியாகத்தான் போனேன். அது தப்பு.

பதிவாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. குழந்தையின் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். "சர்நேம்?" என்றார். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம் என்றேன். பொறுமையாகத் தலையாட்டினார். "அப்படியானால் உங்கள் சர்நேம் சுப்பையா?" அது என் அப்பா பெயர். "உங்கள் மனைவியின் சர்நேம்?" அது அவள் அப்பா பெயர். "குழந்தைக்கு?" முறைப்படி என் பெயர் வர வேண்டும். "ஆக ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம்" என்றார். கேலி இல்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். விமான நிலையத்தில் குழந்தையோடு வரும்போது கேள்வி கேட்பார்கள் என்றார். சுப்பையா என்றே போடலாமா என்று நினைத்தேன். அப்படிப் போட்டால் ஆவணப்படி மகளும் நானும் அண்ணன் தங்கை.

இரவு மூன்று மணி நேரத் தூக்கம். வாய் சும்மா இருக்கவில்லை. "இளவரசர் ஜார்ஜுக்கு சர்நேம் இல்லையே, அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதை எழுதியது நான் இல்லை என்றார். அப்புறம், "உங்களுக்கு ஏதாவது பட்டம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்" என்றார்.

எம்.சி.ஏ. என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

உண்மையில் அவர் சொன்னது சரியான பதில். ஜார்ஜின் சான்றிதழில் பெயரும் சர்நேமும் எழுதும் இடத்தில் இருப்பது 'மேன்மை தங்கிய கேம்பிரிட்ஜ் இளவரசர் ஜார்ஜ் அலெக்சாண்டர் லூயிஸ்' என்பதுதான். பட்டம் உள்ளவருக்கு சர்நேம் வேண்டாம். கையில் மை ஊற்றிய பேனாவைக் கொடுத்தார். பதிவுக்கென்றே தயாரிக்கும் மை அது, எழுதும்போது வெளிறிய நீலமாக இருந்து நாள் ஆக ஆகக் கறுக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் தனி விண்ணப்பம். நான் என் பெயரையே மகளுக்குப் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அது ஒரு வாரம் ஓடியது. பதிவாளர் சொன்ன மாதிரியே விமான நிலையத்திலும் இரண்டு முறை நிறுத்தினார்கள்.

ஊர் நிலைமையும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னுடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே கிடையாது. 'ஆண்' என்று மட்டும் இருக்கும். நம் ஊர்ச் சட்டப்படி பிறந்து ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை, 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அப்பா வாத்தியார், எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி எழுதியவர். சொந்தப் பிள்ளைக்கு மறந்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு அலுவலகத்தில் போய் நின்றபோது, "இந்த ஆண் நீங்கதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார்கள். கரிச்சட்டிக் கதையின் இரண்டாம் ஜேம்ஸ் நிலைமை எனக்கு அன்று விளங்கியது.

அன்றிலிருந்து இந்தப் பட்ட விவகாரம் எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. யார் இளவரசர், யார் இல்லை என்பது ரத்தத்தில் தானாக வருவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ஆணை போட்டார். மன்னரின் பிள்ளைகளுக்கும், மகன் வழிப் பேரப்பிள்ளைகளுக்கும், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுக்குப் பிறக்கும் மூத்த ஆண் பிள்ளைக்கும் மட்டுமே அந்தப் பட்டம். மகள் வழிப் பேரன்களுக்குக் கிடையாது. எலிசபெத்தின் அப்பா ஆறாம் ஜார்ஜுக்கு இருந்ததோ இரண்டும் மகள்கள். 1948 அக்டோபரில், பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு, அவர் புது ஆணை போடாமல் இருந்திருந்தால் சார்லஸ் பிறக்கும்போது இளவரசர் ஆகியிருக்க மாட்டார், மெரியனெத் பிரபு என்ற அளவில் நின்றிருப்பார். அதே மாதிரி 2012 டிசம்பர் 31இல் எலிசபெத் ஒரு ஆணை போட்டார், வில்லியமின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டம் உண்டு என்று. போடாவிட்டால் ஜார்ஜ் இளவரசர், சார்லட் வெறும் லேடி.

வில்லியமின் தம்பி ஹாரியின் மகனுக்கு அப்படி யாரும் ஆணை போடவில்லை. 2019 மே 6இல் ஆர்ச்சி பிறந்தான். எந்த மருத்துவமனை என்பதைப் பெற்றோர் சொல்லவே இல்லை. பத்திரிகைகள் தலைகீழாக நின்று பார்த்தன. பிறப்புச் சான்றிதழ் வெளியே வந்ததும் ரகசியம் உடைந்தது: போர்ட்லண்ட் மருத்துவமனை. இங்கே யாருடைய பிறப்புச் சான்றிதழின் நகலையும் யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு முன்னால் அரண்மனையும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு ஜூன் மாதம் அந்தச் சான்றிதழில் தாயின் பெயர் மாற்றப்பட்டு, ரேச்சல் மேகன் என்பது போய் சசெக்ஸ் கோமகள் என்ற பட்டம் மட்டும் நின்றது. இது 2021இல் வெளியே வந்தபோது, யார் சொல்லி எடுத்தது என்று ஒரு பெரிய சண்டை. இரண்டு சொற்களுக்காக.

பாட்டனார் சார்லஸ் மன்னரானதும், 1917 ஆணைப்படி ஆர்ச்சிக்கும் தங்கை லிலிபெட்டுக்கும் பட்டத்துக்கு உரிமை தானாக வந்தது. 2022 செப்டம்பர் 8 அன்று. ஆனால் அரண்மனை இணையதளத்தில் பெயர் மாறியது 2023 மார்ச்சில். அந்த ஆறு மாதமும் தினம் இணையதளத்தைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நானும்தான், தினம் இல்லாவிட்டாலும்.

சரி, பட்டம் இல்லாத காலத்தில் ஆர்ச்சிக்கு என்ன சர்நேம்? மவுண்ட்பேட்டன்-விண்ட்சர். இப்போது மவுண்ட்பேட்டனைக் கூப்பிடலாம்.

அந்த இரட்டைப் பெயரின் இரண்டு பாதிகளும் ஒரே வாரத்தில் பிறந்தவை. 1917 ஜூலை. ஜெர்மனியோடு போர். அரச குடும்பத்தின் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. லண்டன் மீது குண்டு போட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் விமானங்களின் பெயரும் கோத்தா. சங்கடம்தானே. ஜூலை 14இல் மன்னரின் உறவினர் பாட்டன்பெர்க் தன் ஜெர்மன் பெயரை ஆங்கிலமாக்கினார். பெர்க் என்றால் மலை, ஆகவே மவுண்ட். அப்படி மவுண்ட்பேட்டன் ஆனார். அவருடைய மகன்தான் நம் வைஸ்ராய். மூன்று நாள் கழித்து, ஜூலை 17இல், மன்னர் தன் வம்சத்துக்கு ஒரு கோட்டையின் பெயரை எடுத்து விண்ட்சர் என்று வைத்தார். ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று நான் நினைத்திருந்த பெயரைவிட என் தாத்தாவுக்கு வயது அதிகம்.

எலிசபெத்தின் கணவர் பிலிப் மவுண்ட்பேட்டன். 1952இல் எலிசபெத் ராணியானதும் பிள்ளைகள் விண்ட்சர்தான் என்று முடிவானது. சொந்தப் பிள்ளைகளுக்குத் தன் பெயரைக் கொடுக்க முடியாத ஒரே ஆண் இந்த நாட்டிலேயே நான்தான் என்று பிலிப் புலம்பியதாகச் சொல்வார்கள். என் பதிவாளரிடம் அவரை அனுப்பியிருக்க வேண்டும். எட்டு வருடம் கழித்து, 1960 பிப்ரவரி 8 அன்று, ஒரு சமாதானம் வந்தது. பட்டம் உள்ளவர்களுக்கு வழக்கம் போல சர்நேம் வேண்டாம். வருங்காலத்தில் வம்சத்தில் இளவரசர், இளவரசி என்ற பட்டம் இல்லாமல் போகிறவர்களுக்கு மவுண்ட்பேட்டன்-விண்ட்சர். அறிவித்தபோது ராணி நிறைமாதக் கர்ப்பிணி. பதினோரு நாளில் பிறந்த குழந்தை ஆண்ட்ரூ.

2025 அக்டோபர் 30 இரவு செய்தி வந்தபோது நான் திண்டுக்கல்லுக்கு வீடியோ அழைப்பில் இருந்தேன். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஆண்ட்ரூவின் இளவரசர் பட்டத்தைப் பறிக்கிறார்கள் என்றேன். யார் என்று புரியவில்லை. ஜார்ஜோட சின்னத் தாத்தா என்றேன், உடனே புரிந்தது. என்ன தப்பு செஞ்சான் என்று கேட்டார். அதைச் சுருக்கமாகச் சொன்னேன், "சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி அவர் வெறும் ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் விண்ட்சர் என்று அறிவித்திருக்கிறார்கள் என்றேன். அரண்மனை அறிவிப்பில் நடுவில் சிறு கோடு இல்லை, 1960 அறிவிப்பில் இருந்தது, அதுபற்றி இங்கே இப்போதே விவாதம் தொடங்கிவிட்டது என்றும் சொன்னேன். இதெல்லாம் என் மகளுக்கே அலுப்பு. பக்கத்தில் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தவள் எழுந்து போய்விட்டாள்.

அத்தை விடவில்லை.

"அவ்வளவு நீளமாவா இனிமே எழுதணும்?"

ஆமாம் என்றேன்.

"அவங்கப்பா பேரு என்ன?"

பிலிப்.

"பி. ஆண்ட்ரூன்னு போட வேண்டியதுதான மாப்பிள்ளை."